ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூ

ஆமாம் மச்சான், ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூதான். வெச்சது நான்தான், என் கையாலதான். நந்தியாவட்டை. நம்ம வூட்டுப் பின்னாடி நிக்குதே, அந்தச் செடியில பறிச்சது. பொட்டலத்துக்கு மூணு பூ. வாழையெலையில மடிச்சி நாருல கட்டினன். இன்னும் இன்னா வெவரம் வேணும் ஒனக்கு? 'சாமியவே ஏமாத்தின பாவி'ன்னு ஒன் கடுதாசில மூணு எடத்துல எழுதியிருக்க, ஒரு எடத்துல அடியில கோடு வேற இழுத்திருக்க. நான் சாமிய எங்க ஏமாத்தினன்? ஒன்னியத்தான் ஏமாத்தினன். நீயும் சாமியும் ஒன்னா ஆனது எப்பன்னு எனக்கு யாரும் சொல்லல.

தோ, கண்ணகி பேனாவ மூடிட்டா. கடுதாசின்னா மொதல்ல நலம் விசாரிக்கணும், அப்பாலதான் சண்டைன்றா. இத எழுதறது அவதான், பக்கத்து வூட்டு தைலம்மாளோட மருமவ. நான் அஞ்சாங்கிளாசு பாதியில வாத்தியாரு மேல கோவிச்சிக்கினு எழுந்து வந்தவன், என் எழுத்த எழுதின அன்னிக்கே எனக்குப் படிக்க வராது. அவ பன்னெண்டு முடிச்சவ, நான் பேசறத பேசற மாதிரியே எழுதிடுவா. பூ விஷயம் வெளிய போவக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினுதான் எழுத குந்த வெச்சிருக்கறன். பாவம், விஷயத்தக் கேட்டதுலருந்து தலைய நிமிர்த்தல. வாய முந்தானையால பொத்திக்கினு இருக்கறா. ஊர்ல ஒரு பெரிய மனுஷன் இப்படிப் பண்ணுவான்னு அவ நெனைச்சிருக்க மாட்டா.

சரி, மரியாதைய முடிச்சிடலாம். கல்வராயன் மலை மேல டீக்கடை வெச்சிக்கினு, தண்ணி ஜாஸ்தியாவும் பாலு கம்மியாவும் ஊத்திக்கினு, ஊருக்கெல்லாம் அழியற நாள் குறிச்சிக்கினு இருக்கற என் பொண்டாட்டி தம்பி ஆதிமூலத்துக்கு, கீழ இன்னும் அடிச்சிக்கினு போவாத ஊர்லருந்து மாமா மாயவன் எழுதிக்கிறது. இங்க எல்லாரும் சொகம். அணை சொகம். பஸ் நிக்கற எடத்துப் புளியமரம் சொகம். அங்க நீ சொகமா, ஒன் கடைக்கு மேல தொங்கிக்கினு இருக்கற அந்தப் பாறை சொகமா, ஒன் அக்கா ராஜாம்பா வேளைக்குச் சாப்புடறாளா, அவ கால் வீக்கம் கம்மியாச்சா. கடைசி ரெண்டுக்கு மட்டும் பதில் எழுது. மத்தது எனக்குத் தேவையில்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றன். ஒனக்கு ஞானம் வந்தது எப்பன்னு ஊர்ல யாருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியும். லாட்டரி நின்ன அப்பால. அதுவரைக்கும் ஒனக்கு ராத்திரி கனவுல நம்பருதான் வரும். விடிஞ்சா அந்த நம்பர நாலு பேருகிட்ட சொல்லுவ, நாலு பேரும் வாங்குவாங்க, நாலு பேரும் சாயங்காலம் ஒன்னியத் தேடுவாங்க. நீ வடக்கனந்தல்ல எந்த மெத்தைக்கு அடியில ஒளிஞ்சிக்கினன்னு எங்கிட்ட கேளு, சொல்றன். ஒரே ஒரு தபா நீ சொன்ன நம்பரு கடைசி எழுத்து வரைக்கும் பொருந்திச்சி, ஆனா அது முந்தின வாரத்து ரிசல்ட்டு, கட்டம் மாத்திப் பாத்துட்ட. அப்பால கவர்மெண்டு லாட்டரிய நிறுத்திச்சி. ஒன் கனவுக்கு வேலையில்லாத போச்சி. ஒரு வருஷம் சொம்மா குந்தியிருந்த கனவு, திடீர்னு பாத்தா பூமி, காத்து, தண்ணின்னு பெரிய உத்தியோகத்துக்குப் போயிடுச்சி.

சுனாமிய நான் முன்னாடியே சொன்னன், சொன்னன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கறியே, நீ சொன்ன அன்னிக்கு நான் ஒன் கடை பெஞ்சியிலதான் குந்தியிருந்தன். கார்த்திகை மாசம். மாடு காணாத போனவன் ஒருத்தன் வந்தான். நீ வெத்தலைய எடுத்த, அதுல கரு மைய தடவின, எண்ணெய ஒரு சொட்டு வுட்ட, வெளிச்சத்துல சாய்ச்சிப் பாத்த. 'தண்ணி தெரியுது, நெறையத் தண்ணி'ன்ன. எண்ணெய தடவி வெயில்ல காட்டினா பளபளன்னு தண்ணி தெரியாத வேற இன்னா தெரியும், கள்ளக்குறிச்சி தேரடியா தெரியும்? அவன் போய் ஓடையாண்ட தேடினான், மாடு கெடைச்சிது, ஒனக்கு ஒரு தார் வாழைப்பழம் குடுத்தான், அதுல ரெண்டு நானும் தின்னன். மாடுன்னா தண்ணி குடிக்க ஓடைக்குத்தான் போவும்னு எனக்கு மை போடாதயே தெரியும், ஆனா எனக்கு யாரும் பழம் குடுக்கல. ஒரு மாசம் போச்சி. மார்கழில கடலு பொங்கின மறுநாளு, 'நான் அன்னிக்கே தண்ணின்னு சொன்னன் பாத்தியா'ன்னு நெஞ்ச நிமிர்த்தின. அப்ப அந்த மாடு இன்னா, கடலுக்குள்ளயா மேய்ஞ்சிக்கினு இருந்துச்சி?

இதுல மட்டும் ஒரு வார்த்தை வெளையாடாத சொல்றன், கேட்டுக்க. எங்க சித்தப்பா பொண்ணு பச்சையம்மா கடலூரு பக்கத்துல கரையில மீன் எடுத்து விக்கறவ. அன்னிக்குக் காலையில அவளுக்குப் பல்லு வலி, வூட்லயே படுத்துட்டா, பொழைச்சா. அவகூட தெனமும் கூடை தூக்கினவங்க ஏழு பேரு திரும்பல. அந்தப் பல்லுவலிதான் அவளுக்கு முன்கூட்டிச் சொன்னது, வேற யாரும் சொல்லல. ஒனக்கு நெசமாவே தெரிஞ்சிருந்தா நீ ஏன் போய்ச் சொல்லல? கடலூரு பஸ்சு எங்க நிக்கும்னு ஒனக்குத் தெரியாதா? கண்டக்டருகிட்ட கடன் சொல்லிக்கூட ஏறியிருக்கலாமே, நீ சொல்லாத கடனா? செத்தவங்க மேல ஏறி நின்னுக்கினு 'நான் பெரியவன்'னு சொல்றதுக்கு மனசு வரணும். எனக்கு ஒன் மேல கோவம் இருக்கறது இந்த ஒன்னுக்குத்தான். மத்ததெல்லாம் எனக்குப் பொழுதுபோக்கு.

பொழுதுபோக்குக்கு வருவோம். பங்குனில ஒரு புயல் சொன்ன. பங்குனில. காத்து அசையாத, மரத்துல எல அசையாத, மனுஷன் துண்ட நனைச்சித் தலையில போட்டுக்கினு திரியற மாசத்துல. நீ சொன்ன அன்னிக்கு பறந்தது ஒன்னே ஒன்னு, ஒன் கடை மேல கட்டியிருந்த நீலப் படுதா. அதுவும் கயிறு இத்துப் போயி. 'பாத்தீங்களா, அம்மா என் கடையோட நிறுத்திக்கினா'ன்னு அதையும் பலிச்ச கணக்குல சேத்த. படுதாவக் கொண்டாந்து குடுத்தவன் ஒன் கால்ல விழுந்து கும்புட்டானாமே. ராஜாம்பா வந்து சொன்னா. நான் சிரிச்ச சிரிப்புல தட்டுல இருந்த சோறு தரைக்குப் போச்சி, அதுக்கும் அவகிட்ட வாங்கிக் கட்டிக்கினன்.

அப்பாலதான் இந்தச் சித்திரை. சித்திரைப் பௌர்ணமி, பகல் பன்னெண்டு மணி, பூமி ஆடும், அணை ஒடையும், கீழ பதினெட்டு ஊரு இருக்காதுன்னு சொல்லிட்ட. நீ சொன்னது மலையில. கச்சிராயபாளையம் பஸ்ல வர்றதுக்குள்ள அது முப்பது ஊரு ஆயிடுச்சி. சந்தைக்குப் போயி திரும்பறப்ப அம்பது. இங்க இன்னா நடந்துதுன்னு ஒனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. கந்தசாமி நெலத்துல மல்லாட்டச் செடி புடுங்கிக் கடலை ஆயற வேலை நடந்துக்கினு இருந்துச்சி. வருஷத்துல நம்ம தெரு பொம்பளைங்களுக்கு சேந்தாப்புல இருவது நாள் கூலி கெடைக்கறதே அப்பதான். செடியப் பாதியில போட்டுட்டு மூட்டை கட்ட ஆரம்பிச்சாங்க. எட்டு நாளு எவளும் வேலைக்குப் போவல. மலையில சொந்தம் இருக்கறவன் மலைக்குப் போறன்னான், சொந்தம் இல்லாதவன் எங்க போவான், வாசல்ல குந்திக்கினு ஆகாசத்தப் பாத்தான். தைலம்மா, தோ எழுதறாளே இவ மாமியா, பாலு கறக்கற ரெண்டு ஆட்டையும் அரை விலைக்குத் தள்ளிட்டா. வாங்கினவன் சந்தை ஏவாரி. அன்னிக்கு ஒரே நாள்ல இருவது ஆடு ஓட்டிக்கினு போனான். எனக்கு அப்பதான் ஒன்னு தோணிச்சி மச்சான். ஒன் வாக்க ஊர்ல எல்லாரும் நம்பினாங்க, அந்த ஏவாரி ஒருத்தன் மட்டும் நம்பல. நம்பியிருந்தா ஆட்ட வாங்கியிருப்பானா? அவன் பட்டியும் கீழதான இருக்குது.

இன்னொன்னும் கேக்கணும். பூமி ஆடினா மொதல்ல உருள்றது மலையில இருக்கற பாறையா, இங்க மண்ணுக்குள்ள இருக்கற மல்லாட்டையா? ஒன் கடைக்கு மேல யானை மாதிரி ஒன்னு நிக்குது, அதுக்குக் கீழ இருந்துக்கினு 'மேல வாங்க, இங்க பத்திரம்'னு கூப்புடற. ஒன்னிய நம்பி வந்தவங்களுக்கு நீ டீயாவது ஓசியில குடுத்தியா?

சரி. கடைசியில செல்லியம்மன் கோயில்ல கூடினாங்க. சாமிகிட்டயே பூ கேட்டுடலாம்னு பேசினாங்க. ஒரு பொட்டலத்துல செவப்பு அரளி, ஒன்னுல வெள்ள நந்தியாவட்டை, ரெண்டையும் சாமி கால்ல வெச்சி, சின்னக் கொழந்தைய வுட்டு ஒன்னு எடுக்கச் சொல்றது. செவப்பு வந்தா ஊர காலி பண்றது, வெள்ள வந்தா வேலைக்குப் போறது. பொட்டலம் யாரு கட்றதுன்னு பேச்சு வந்துச்சி. பூசாரி பாவாடை என்னியப் பாத்தான். 'மாயவன் அண்ணன் கட்டட்டும், அவருக்கு ஆதிமூலம் பக்கமும் சாய்வு இல்ல, சாமி பக்கமும் சாய்வு இல்ல, நடுவாள மனுஷன்'ன்னான். எல்லாரும் சரின்னாங்க. ஒருத்தர் கூட மறுத்துப் பேசல. எழுவத்திரண்டு வருஷம் இந்த ஊர்ல நான் சம்பாதிச்ச மரியாதை அது. கண்ணகி, அந்த வரிய நல்லா கொட்டையா எழுது.

நான் வூட்டுக்கு வந்தன். அரளிச் செடியாண்ட போய் நின்னன். கைய நீட்டினன். நெனைச்சிப் பாத்தன். ஒன்னு செவப்பு ஒன்னு வெள்ளன்னா பாதிக்குப் பாதி. நாலு வயசுக் கொழந்தை, மூக்க நோண்டிக்கினு இருந்தது, எந்தக் கையில நோண்டலயோ அந்தக் கையால எடுக்கப் போவுது. அதுல நம்ம தெரு பொம்பளைங்க கூலியையும், மிச்சம் இருக்கற ஆட்டையும் வெக்கறதா? கைய இழுத்துக்கினன். நேரா நந்தியாவட்டைக்குப் போனன். அவ்ளோதான் நடந்தது. கோயில்ல கொழந்தை எடுத்துச்சி, பாவாடை பிரிச்சான், வெள்ள. பொம்பளைங்க கொலவை போட்டாங்க. மறுநாளு காலையில ஏழு மணிக்கு கந்தசாமி நெலத்துல நாப்பது பேரு. இத நீ பாவம்ன்ற. நான் இன்னொரு தபா வாய்ப்பு வந்தா மூணு பொட்டலம் கட்டுவன்.

ஒன் அக்காகிட்டதான் மாட்டிக்கினன். அன்னிக்குச் சாயங்காலம் 'இன்னா பூ வெச்ச'ன்னு கேட்டா. 'ஒன்னு செவப்பு, ஒன்னு வெள்ள, வேற இன்னா வெப்பாங்க'ன்னன். கொஞ்ச நேரம் கழிச்சி அடுப்பாண்டயிருந்து திரும்பவும் கேட்டா. திரும்பவும் அதயே சொன்னன், கண்ணு கூட சிமிட்டல. மறுநாளும் கேட்டா, மறுநாளும் அப்படியேதான். எடுக்காத பொட்டலத்த பிரிக்கக் கூடாது, கெணத்துல போட்டுடணும், அதான் வழக்கம், அத நம்பித்தான் இருந்தன். ராத்திரி சாப்புடக் குந்தினா தட்டுல சோறு இல்ல. அந்தப் பொட்டலம் இருந்துச்சி, கெணத்துக்குப் போவாத, பிரிச்ச மேனிக்கு. மூணு வெள்ளப் பூ, வாடிப் போயி. நான் பூவப் பாத்தன், அவ என்னியப் பாத்தா. விடிஞ்சதும் மலைக்குப் போற பஸ்ல ஏறிட்டா. ஏறினவ ஜன்னலோரமா குந்தினா, அதுவும் என் பக்கம் இல்லாத ஜன்னலு.

அன்னிலருந்து என் பொழப்பு இன்னான்னு கேளு. மொத நாளு சோறு வடிச்சன், கஞ்சி வேற சோறு வேறன்னு பிரிய மாட்டன்னுடுச்சி. ரெண்டாம் நாளு களி கிளறினன், துடுப்பு உள்ள நின்னுச்சி, நான் வெளிய நின்னன், ரெண்டு பேருக்கும் நடுவுல ஒன்னும் அசையல, சட்டியோட தூக்கி நாயிக்கு வெச்சன், அது மோந்து பாத்துட்டு எம் மூஞ்சப் பாத்துச்சி. மூணாம் நாளு தைலம்மா கொழம்பு குடுத்து வுட்டா. கொழம்புல உப்பு இல்லன்னு சொன்னன், நாலாம் நாளு அதுவும் வரல. வெளக்கு மாடத்துல தீப்பெட்டி எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது மச்சான். நாப்பத்தஞ்சு வருஷமா 'தீப்பெட்டி'ன்னு சொல்லுவன், கைக்கு வரும்.

இந்த லட்சணத்துல ஒன் பௌர்ணமி வந்துச்சி. பன்னெண்டு மணிக்கு அணையிலயே நின்னு பாத்துடறதுன்னு கெளம்பினன். ஒரு கொடை, மடியில அவிச்ச மல்லாட்ட. கரை மேல நின்னு பாத்தன். சித்திரை மாசத்து அணைய நீ பாத்திருக்கறியா? உள்ள எருமை மேய்ஞ்சிக்கினு இருக்குது. நடுவுல ஒரு குட்டை. ஒன் வெள்ளம் எருமை மூக்கு வரைக்கும் இருந்துச்சி, அதுவும் எருமை படுத்தா. சரி, வந்ததுக்கு உள்ளயே எறங்கி நின்னுடலாம், நாளைக்கு 'பன்னெண்டு மணிக்கு நான் உள்ள நின்னன்'னு ஒனக்குச் சொல்லலாம்னு எறங்கினன். மேல பாத்தா காஞ்ச மண்ணு, பாளம் பாளமா வெடிச்சி இருக்குது. கால வெச்சன். உள்ள வண்டலு. ஒரு காலு முட்டி வரைக்கும் போச்சி, அத எடுக்க இன்னொரு கால ஊனினன், அது தொடை வரைக்கும் போச்சி. கொடைய விரிச்ச மேனிக்கு நட்டு வெச்ச மாதிரி நிக்கறன். மணி சரியா பன்னெண்டு. எருமை மேய்க்கறவன் வந்தான், என்னியச் சுத்தி வந்து பாத்தான், 'பெரியவரே இங்க இன்னா பண்றீங்க'ன்னான். 'அணை ஒடையறதப் பாக்க வந்தன்'னன். அவன் எருமை வால எங்கையில குடுத்துட்டு எருமைய ஒரு தட்டு தட்டினான். வெளிய வந்துட்டன். ஒரு செருப்பு இன்னும் உள்ள இருக்குது.

அத யாரோ ஒனக்குச் சொல்லிட்டாங்க. அதையும் எழுதியிருக்க, 'அன்னிக்கு அணையில ஒரு கண்டம் நடந்துச்சி இல்ல'ன்னு. மச்சான், நீ சொன்னது பதினெட்டு ஊரு. போனது ஒரு செருப்பு. மீதிக்கு நீ சொல்ற காரணம் அதவிட நல்லா இருக்குது. நீ நாப்பத்தெட்டு நாளு வெரதம் இருந்து தடுத்துட்டியாம். பௌர்ணமிக்கு இருவது நாளு முன்னாடிதான் நீ நாளே குறிச்ச. மிச்சம் இருவத்தெட்டு நாள எந்த மாசத்துலருந்து கடன் வாங்கின? ஒடைஞ்சா நீ சொன்னது, ஒடையலன்னா நீ தடுத்தது, நான் சேத்துல எறங்கினா அதுவும் நீ சொன்னது. அந்த அணை பாவம் இன்னா பண்ணும்? ஒன்னு ஒடையணும், இல்லாட்டி ஒடையாத இருக்கணும். ஒன்னியத் தோக்கடிக்கறதுக்கு மூணாவதா ஒரு வழி அதுக்குத் தெரியாது.

இது வரைக்கும் சிரிச்சிக்கினு வந்தன். கடைசி பக்கத்துல நீ எழுதியிருக்கறதுதான் பேஜாரு. நான் சாமிய ஏமாத்தினதால அம்மன் கோவம் வைகாசி அமாவாசைக்குத் தள்ளிப் போயிருக்குதாம். 'உண்மைய ஒத்துக்கற வரைக்கும் நான் கீழ எறங்க மாட்டன்'னு அக்கா சொல்லுதாம். அதனால நான் கோயில்ல ஊர கூட்டி, 'ரெண்டும் வெள்ளப் பூ'ன்னு சொல்லி, கற்பூரம் ஏத்தி மன்னிப்பு கேட்டாத்தான் அவள அனுப்புவியாம். நல்லா மாட்டி வெச்ச. நான் சொல்லலன்னா ராஜாம்பா வர மாட்டா. சொல்லிட்டா, சாமி உத்தரவு குடுக்கவே இல்லன்னு ஆயிடும், சனம் ஒன் வைகாசிக்கு மறுபடியும் மூட்டை கட்டும். கந்தசாமி நெலத்துல இன்னும் ஒம்பது நாள் வேலை இருக்குது. தைலம்மாகிட்ட ஒரு கெடா மிச்சம் இருக்குது, அந்த ஏவாரி வெள்ளிக்கிழமை வந்து அத ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருக்கறான். எனக்கு என் பொண்டாட்டி வேணும்னா, பக்கத்து வூட்டுக்காரி கெடாவ விக்கணும். இத எப்படி சரி பண்றதுன்னு நாலு நாளா யோசிக்கறன். நீ எதிர்காலம் தெரிஞ்சவன், நீ சொல்லு.

இல்லாட்டி ஒரு வழி இருக்குது. நீ இது வரைக்கும் சொன்னது ஒன்னு கூட நேரா பலிச்சதில்ல. ஒனக்கும் ஆசையா இருக்கும். வெத்தலைய எடு, மைய தடவு, நல்லா சாய்ச்சிப் பாரு, 'இந்த வாரம் அக்கா கீழ எறங்குவா'ன்னு ஒரு வாக்கு சொல்லு. பலிக்க வெக்கறது ஒங்கையிலயே இருக்குது. அவ பைய எடுத்து பஸ்ல வெச்சா போதும். நான் இங்க ஊரெல்லாம் சொல்றன், ஆதிமூலம் சொன்னது சொன்ன மாதிரி நடந்துச்சின்னு. ஒன் படத்த வேணும்னாலும் மாட்டறன்.

ஒன் பொண்டாட்டி லட்சுமியம்மாளுக்கு என் விசாரிப்பு சொல்லு. அவ ஒன்னிய நம்பறதில்லன்னு எனக்குத் தெரியும், அதனால அவ மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி. ஒன் கடை அடுப்பு அணையாத எரியட்டும், ஒன் பாறை இருக்கற எடத்துலயே இருக்கட்டும், நீ சொல்றது ஒன்னு கூட நடக்காத நூறு வருஷம் நல்லா இரு.

இப்படிக்கு,
ஒன் அக்காவ இன்னும் எதிர்பாத்துக்கினு இருக்கற மாமா,
மாயவன்

பின்குறிப்பு: ராஜாம்பாகிட்ட தனியா ஒன்னு சொல்லு. பூ விஷயம் இந்த ஊர்ல அவளயும் இந்தக் கண்ணகியையும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது, அவ வாய தெறக்காத வரைக்கும் தெரியப் போறதும் இல்ல. மூளையா வேலை செஞ்சிருக்கறன். ஒரு ஊரையே ரெண்டு பொட்டலத்துல கட்டினவன் நான். இன்னாம்மா சிரிக்கற? எழுது. சிரிச்சதையும் எழுது. இன்னாது, இன்னொரு தபா சொல்லு. மச்சான், இவ சொல்றா, 'தாத்தா, அது எல்லாருக்கும் தெரியுமே, அதுக்குத்தான ஒங்க கையில குடுத்தாங்க'ன்னு. பாவாடைதான் வூடு வூடா சொல்லியிருக்கறான், 'வேற யாருகிட்ட குடுத்தாலும் நேர்மையா கட்டித் தொலைச்சிடுவாங்க, மாயவன்கிட்ட குடுங்க'ன்னு. பயத்தோட வேலைக்குப் போவ முடியல, ஆதிமூலம் சொன்னது பொய்யின்னு மொதல்ல சொல்றதுக்கும் யாருக்கும் வாய் வரல, சாமி சொல்லிட்டா யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்லன்னு பேசி வெச்சிக்கினாங்களாம். 'அப்ப சாமிக்கு?'ன்னு கேட்டன். 'சாமிக்குத் தெரியாததுங்களா தாத்தா'ன்றா. ஊர ஏமாத்தினன்னு மேல பக்கம் பக்கமா எழுதினேனே, அதெல்லாம் அடிச்சிடு மச்சான். ஊருதான் என்னிய வேலை வாங்கியிருக்குது, கூலி கூட குடுக்காத.

'ராஜாம்பா ஆயாவுக்கும் முன்னாடியே தெரியுமா'ன்னு கேட்டன். 'ஒங்க பேர மொதல்ல சொன்னதே ஆயாதான் தாத்தா'ன்றா. 'அப்ப எதுக்குடி கோவிச்சிக்கினு போனா'ன்னு கேட்டன். 'மூணு தபா கேட்டுச்சாம், மூணு தபாவும் நீங்க செவப்பு ஒன்னு வெள்ள ஒன்னுன்னீங்களாம். ஊருகிட்ட சொல்லட்டும், எங்கிட்ட எதுக்குப் பொய்யின்னு எங்க அத்தைகிட்ட அழுதுட்டுத்தான் பஸ் ஏறுச்சி'ன்றா. உண்மைய ஒத்துக்கணும்னு அவ சொன்னது ஊருகிட்ட இல்ல மச்சான். நீ கேட்டுக்கினு தப்பா எழுதிட்ட, நானும் தப்பா நெனைச்சிட்டன். இரும்மா, எங்க எழுந்துக்கற, இன்னும் நான்

கண்ணகி போயிட்டா. கொழாயில தண்ணி வுட்டாங்களாம். முடிக்கலன்னு சொன்னன். கொடத்த எடுத்துக்கினு போயிக்கினே இருக்கறா. இனி எங் கையெழுத்து.

ராஜாம்பா. ரெண்டுலயும் வெள்ள. ஒங்கிட்ட பொய் சொன்னன். மூணு தபா.

தபால்ல போட்டா நாளாவும். நானே கையில எடுத்துக்கினு மொத பஸ்சுல வர்றன். மச்சான், நான் ஒன் கடை வாசல்ல நிக்கறப்ப இத அவளுக்குச் சத்தமா படி. நடுவுல ஒன் வாக்கு எதையும் சேக்காத.